நல்லையாவின் ரோலர்

பட்டையைக் கழற்றிவிட்டால் ரோலர் சுற்றாது. ஆயுத பூசைக்காகத் தோல்பட்டைகளை இறக்கிச் சுவரோரம் சுருட்டி வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் மூன்றாவது ரோலர் ஓர் அங்குலம் நகர்ந்ததை வைரப்பக் கங்காணி பார்த்தார். பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். பயம் வந்தால் அவருக்குக் கை அங்கேதான் போகும். மீசையின் பளபளப்புக்கு அதுதான் காரணம் என்பது லயத்துப் பெண்களின் கட்சி.

தேயிலைக் கொழுந்தை நசுக்கி முறுக்கும் அந்த ரோலருக்குள்தான் இரண்டு மாதத்துக்கு முன் நல்லையா போய்ச் சேர்ந்தான். கொழுந்து சிக்கிவிட்டது, பட்டையை இறக்குங்கள் என்று அவன் கெஞ்சியதும், ஓடும்போதே கையை விட்டு எடுடா என்று இவர் அதட்டியதும் இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. குடித்துவிட்டு விழுந்தான் என்று தோட்டத்துத் துரையிடம் சொல்லி, அவன் பெண்சாதி இராக்கம்மாவை லயத்து வீட்டைவிட்டுக் கிளப்பவும் உத்தரவு வாங்கியாயிற்று. இன்றைக்கு அவள் போகிற நாள். மெஷினா வந்து சாட்சி சொல்லப்போகிறது?

ஆனால் ஸ்டோர் என்கிற அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினை ஓட்டுகிறவனே அதற்குப் பொட்டு வைக்கவேண்டும். மூன்றாவதை யாரும் தொடவில்லை.

"அது நல்லையா மெஷினுங்க," என்றான் பக்கத்து ரோலர் மாரிசாமி, பல்லைக் குத்தியபடி. "அவனுக்குப் பதிலா நீங்களே வச்சிருங்க கங்காணி. உங்களுக்கு என்னங்க பயம்?"

மறுத்தால் நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் யோசிப்பார்கள். யோசித்தது துரை காதுக்குப் போகும். குங்குமத்தைத் தொட்டுக்கொண்டார். மற்றவர்கள் சுண்டலுக்கு ஓடினார்கள். அந்தத் தோட்டத்தில் சுண்டலுக்குப் பிறகுதான் சாமி.

சன்னல் கம்பி வழியே பகல் மூடுபனி உள்ளே இறங்க, வாட்டிய கொழுந்தின் துவர்ப்பு நெடியோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் கற்பூரப் புகையோடும், அடியில் எங்கிருந்தோ வியர்த்த சட்டையின் வாடையும் கலந்து மூக்கில் ஏற, கங்காணி கையை நீட்டிப் பொட்டை வைத்தார். இரும்பு, காய்ச்சல்காரன் நெற்றியாய்ச் சுட்டது.

கையை இழுத்தார். வரவில்லை. ரோலரின் பெட்டிக்கும் அடித்தட்டுக்கும் நடுவிலிருந்து ஐந்து விரல்கள் அவர் விரல்களோடு கோத்துக்கொண்டிருந்தன. ஈரமாக.

ரோலர் நகர்ந்தது. சத்தமே இல்லை.

மணிக்கட்டு வரை உள்ளே.

"விட்ருடா நல்லையா," என்று முணுமுணுத்தார். "பட்டைய எறக்கச் சொன்னே. நாந்தான் வேணாம்னேன். நீ குடிக்கலடா."

பிடி தளரவில்லை. இரும்புக்கு நசுக்கத் தெரியும். மன்னிக்கத் தெரியுமா?

வாசலில் நிழல். இடுப்பில் மூட்டையோடு இராக்கம்மா.

"ஆளக் கூப்பிடு தாயி."

"இன்னொரு தடவ சொல்லுங்க கங்காணி."

சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டாள். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

"கங்காணி உள்ள கும்புட்டுக்கிட்டு இருக்காரு," என்ற அவள் குரல் கேட்டது. "யாரும் போவாதீங்க."

முழங்கை.

நசுங்கிய கையிலிருந்து தட்டுக்கடியில் ஏதோ சொட்டியது. குனிந்து பார்த்தார்.

சிவப்பில்லை.

பச்சை. புதுக் கொழுந்தின் வாசனை.