துண்டுக்கு வெளியே ஒரு பேரம்

ஒரு பெண்ணின் தன்மானம் என்ன விலை? பீளமேட்டில், 1955-ம் வருஷம், எட்டணா. பருத்தி வியாபாரி நரசிம்மலு அதை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மேஜைமேல் விட்டெறிந்தான்.

"டைப் அடிக்கத்தானுங்க கூலி, திருத்தறதுக்கு இல்ல! பம்பாய்க்காரனுக்கு நான் எழுதுன கடுதாசியில யாரைக் கேட்டுக் கை வெச்சீங்க?"

டைப் அடித்த ரங்கநாயகி நிமிர்ந்தாள். அப்பா... என்ன கண்கள்! மை தீட்டாமலே சுட்டன.

"'ஆன் பிஹாஃப் ஆஃப் யுவர் கம்பெனி' தப்பு நடந்துதுன்னு எழுதியிருந்தீங்க. அப்படின்னா அவங்க சார்பா நீங்களே தப்புப் பண்ணுனதா ஆயிருமுங்க. அதான் 'ஆன் தி பார்ட் ஆஃப்'னு மாத்துனேன்... தப்பு அவங்க பக்கம்னு."

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அவன் காது சிவந்தது.

"எனக்கே இங்கிலீஸ் சொல்லித்தர வந்துட்டீங்களா? அப்புசாமியண்ணா! இந்தம்மா மன்னிப்புக் கேட்டாத்தான் இனி என்ற வேலை இங்க வரும்!"

இன்ஸ்டிட்யூட் முதலாளி அப்புசாமி வெலவெலத்துப்போனார். "நாளைக்கு அவங்க வாரப்ப கேட்டுப்போடும்மா. இல்லாட்டி வேலைக்கு வராதே."

வீட்டில் அடுப்பெரிவதே அவள் சம்பளத்தில்தான். ஆனாலும்... மாட்டேன்!

நரசிம்மலு கோபத்தோடு வக்கீல் வீட்டுக்குப் போனான். அவர் அவன் எழுதினது, அவள் டைப் அடித்தது இரண்டையும் படித்துப் பார்த்து, "அந்தப் பொண்ணு உன்னைக் காப்பாத்தியிருக்குது போ" என்றார். திரும்பும் வழியெல்லாம் அவனைத் துரத்தியது வக்கீல் பேச்சா, அந்தக் கண்களா... தெரியவில்லை.

மறுநாள் நல்ல மழை. வேலையை விட்டுவிட்டு, இன்ஸ்டிட்யூட்டில் இருந்த தன் டிபன் பாக்ஸை எடுத்துப்போக வந்த ரங்கநாயகியின் முன் சொட்டச் சொட்ட நின்றான். தோள் துண்டை விரித்து, அதற்குள் கையை நீட்டினான். நாலு பேர் காதில் விழாமல், துண்டுக்குள் விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பது சந்தை வழக்கம்.

"ஏனுங்க... விரலைப் புடிங்க. கமுக்கமா முடிச்சுக்கலாம்."

"மன்னிப்புமா துண்டுக்குள்ள? நேத்து ஊருக்கே கேக்கறாப்புல கத்துனீங்களே... அதே சத்தத்துல சொல்லுங்க!"

துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு கத்தினான்.

"தப்பு என்மேலதானுங்க! அப்புசாமியண்ணா, இவங்க போனா நானும் இந்தப் பக்கம் வரமாட்டேன்!"

டைப்ரைட்டர்கள் எல்லாம் நின்றன.

"இன்னொண்ணும் இருக்குதுங்க," என்று முனகினான். "அதை மெதுவாத்தான்..."

"அதுவும் சத்தமா!"

"உங்களை... எனக்குப் புடிச்சுப்போச்சுங்க!"

அவள் கோபம் இன்னும் இறங்கவில்லை. உதடு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் லேசாகச் சிரித்துவிட்டது. டிபன் பாக்ஸை மறுபடி அலமாரியில் வைத்தாள்.

"ஒரு திட்டுக்கு ஒரு மன்னிப்பு... அது நேராயிருச்சு. புடிச்சிருக்குன்னீங்களே, அதுக்குப் பதில்... எம்பேர்ல பாக்கி நிக்கட்டுமுங்க."