பழைய பாஸ்வேர்டு

அலமாரி மேலிருந்த கேமரா மறுபடியும் திரும்பியிருந்தது. காலையில் இளவரசி அதை வாசல் பக்கம் பார்க்க வைத்துவிட்டுத்தான் கருவாடு காயப்போடப் போனாள். இப்போது அது ஐந்து வயது சத்யா படுக்கும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடலுக்குப் போனாலும் மகளைப் பார்க்க வேண்டும் என்று இளவரசியின் கணவன் மூர்த்தி ஆசையாக வாங்கி வைத்தது. சிக்னல் இருக்கும் தூரம்வரை படகிலிருந்தே போனில் பார்ப்பான். அதன் வழியாகவே "நெத்திலி!" என்று கூப்பிடுவான். எந்த மூலையில் இருந்தாலும் மகள் ஓடி வருவாள்.

ஐப்பசியில் படகு மட்டும் கரை ஒதுங்கியது. ஆள் கிடைக்கவில்லை. இளவரசி தாலியைக் கழற்றவில்லை.

கார்த்திகையில் கேமரா தானாகத் திரும்பத் தொடங்கியது. திருப்புவது யார் என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா? விளக்கேற்றியதும் அதன் முன் உட்கார்ந்துவிடுவாள். நெத்திலி சரியாகச் சாப்பிடுவதில்லை, நெத்திலிக்குக் காய்ச்சல், நான் மீன் அள்ளப் போனால் நெத்திலி வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள் என்று எல்லாவற்றையும் சொல்லுவாள். கடைசியில் கெஞ்சுவாள்.

"ஒரே ஒரு தபா கூப்புடுய்யா. ஓடி வந்துடுவோம்."

நெட் கனெக்‌ஷன் பார்க்க வந்த வின்சென்ட், ரவுட்டரைத் தன் போனில் திறந்து பார்த்தான். அவன் முகம் மாறியது.

"இன்னாக்கா இது? ரவுட்டரு, கேமரா ரெண்டுலயும் பெட்டியோட வந்த பாஸ்வேர்டே கீது. வெளிலேருந்து பாக்கறதுக்குனு அண்ணன் வழிய வேற தொறந்து வுட்டுருக்காரு. எவன் வேணா உள்ள பூந்து பாக்கலாம், பேசலாம். மாத்திடறேன்."

"வாணாம்பா. அவரு போன்ல பழசுதான கீது. மாத்திட்டா அவரு எப்டி வருவாரு?"

வின்சென்ட் அவள் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்துவிட்டு, எதையும் மாற்றாமல் போய்விட்டான்.

மறுநாள் பொழுது சாயும் நேரம், கருவாட்டு வாடையும் ஈர மணலின் குளிரும் கலந்து வீசிய காற்றில், காய்ந்த மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தவளின் காதில், அலை இரைச்சலையும் மீறி, வீட்டுக்குள்ளிருந்து கரகரவென்று அந்தச் சத்தம் விழுந்தது.

"நெத்திலி!"

கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது.

பாய் காலி. பின்கதவு திறந்து கிடந்தது. படியில் சின்னச் செருப்பு. ஒன்றுதான்.

"சத்யா!"

சவுக்குத் தோப்பு வரைக்கும் யாரும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் மெல்லிய உறுமல். பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்த கேமரா மெதுவாகத் திரும்பி, அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

"கூப்ட்டேன்," என்றது. மூர்த்தியின் குரல் இல்லை. அவள் கேட்டே இராத குரல்.

"ஓடி வந்துடிச்சி."