முத்திரை உடையாத வேகன்

காலை எட்டு மணி. பாலசுந்தரம் அரக்கு முத்திரையைக் கத்தி நுனியால் உடைத்தார். வேகனின் கதவைத் தள்ளினார். உள்ளே பட்டுத் துணி மட்டும் இருந்தது. தோடு இல்லை.

அவர் இன்னொரு முறை பார்த்தார். பிறகு கதவை மூடி, சரியாக நகர்கிறதா என்று தள்ளிப் பார்த்தார். மகள் சாரதாமணி அடுப்பில் சோறு வெந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள். அந்த வீட்டில் யாரும் அலறவில்லை.

அது ஒரு முழ நீளம்கூட இல்லாத மர வேகன். சேலம் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பாலசுந்தரம், இப்போது ஓடாத பழைய சாமான் வண்டிகளை அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் செய்து அலமாரியில் வரிசையாக நிறுத்தியிருந்தார். சக்கரம் சுழலும். கொக்கி மாட்டும். மனைவி முத்தாயம்மாள் இறந்த மறுநாள், அவள் காதிலிருந்து கழற்றிய வைரத் தோட்டை, கடைசியாகச் செய்த மூடு வேகனுக்குள் வைத்தார். ஷெட்டில் செய்வது போலவே கதவுகளுக்கு நூல் கட்டி, அரக்கு ஊற்றி, தன் மோதிரத்தால் முத்திரை குத்தினார். அதற்குப் பிறகு அவர் வேறு வண்டி எதையும் செய்யவில்லை. வேகனின் கூரை சாயம் பூசாமல் வெறும் தேக்காகவே நின்றது.

இன்று முப்பதாம் நாள். படையல் முடிந்ததும் தோட்டை மகள் காதில் போடுவதாக ஏற்பாடு.

பத்து மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் சண்முகவேல் அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்தார். 1937ஆம் வருடத்து மார்கழிக் குளிரில் அவருக்குக் கடைவாய்ப் பல் வலி. கிராம்பு எண்ணெய் வைத்ததில் பாதி முகம் மரத்திருந்தது. அதனால் குறைவாகவே பேசினார்.

"முத்திரை?"

"ரெண்டு கதவுலயும் என்னுடையதுதான். காலையில நான் உடைக்கற வரைக்கும் உடையலை" என்றார் பாலசுந்தரம்.

கான்ஸ்டபிள் மணியன் வேகனைத் தூக்கிப் பார்த்தான். கூரை விளிம்பில் எறும்புகள் ஊர்ந்தன. நகத்தால் நெம்பினான். கூரை சுலபமாகக் கழன்று வந்தது. விளிம்பில் காய்ந்த வெள்ளைப் பசை.

"கஞ்சிங்க சார்! கூரையைப் பேத்து எடுத்துட்டு, கஞ்சி தடவி ஒட்டியிருக்காங்க." கொல்லைக் கொடியில் விறைத்துக் காய்ந்த வேட்டியைக் கை நீட்டிக் காட்டினான். "நேத்து கஞ்சி காய்ச்சினது வேலைக்காரி பொன்னாயி."

சண்முகவேல் கூரையை வெளிச்சத்தில் பிடித்தார். பசை இருந்த இடத்தை ஒட்டி, மரத்தில் மஞ்சளாக ஒரு மினுமினுப்பு ஊறியிருந்தது. விளிம்பு நெடுக ஒரே சீராக இருந்தது. கூரையின் நடுவே சுத்தம். கைரேகை அழுக்கு எதுவும் இல்லை.

நேற்று மத்தியானம் அப்பாவும் மகளும் செவ்வாய்ப்பேட்டைக்குப் படையல் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். அப்போது வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். முதலில் பொன்னாயி வந்தாள்.

"கஞ்சி எதுக்கு?"

"ஐயா வேட்டிக்குங்க."

"மிச்சம்?"

"சட்டியோட அடுப்படியில வெச்சிருந்தேனுங்க. பொழுது சாய மாட்டுக்கு ஊத்தினேன்." அவள் கேட்டுக்கு வெளியே பார்த்தாள். தெரு கூடியிருந்தது. "சாமி, நான் எடுக்கலீங்க. ஒருக்கா ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா, அப்புறம் இந்த ஊர்ல ஒரு ஊட்டுலயும் என்னைய வாசல் மிதிக்க உடமாட்டாங்க."

அடுத்து காத்தான். கூட்ஸ் ஷெட் போர்ட்டர். உடைத்துப் போட்ட பழைய வேகன்களின் தேக்குத் துண்டுகளைப் பாலசுந்தரத்துக்குக் கொண்டு வந்து கொடுப்பவன்.

"இந்தக் கூரையை முதல்ல எதால ஒட்டினாங்க?"

"வச்சிரப் பசையிலீங்க, மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கறது. நாந்தான் காய்ச்சிக் குடுத்தேன். பக்கத்து ஊட்டம்மா அந்த நாத்தத்துக்கு இன்னும் என்னைய வஞ்சுக்கிட்டிருக்குதுங்க." மேசையில் வச்சிரப் பானையும் சின்ன அடுப்பும் இருந்தன. "நேத்து அலமாரியைத் தொடைச்சேன். அவ்வளவுதானுங்க."

மூன்றாவது வீரபாகு, முத்தாயம்மாளின் அண்ணன். ராசிபுரத்தில் தறி. தங்கை இறந்ததிலிருந்து இங்கேயே இருந்தார்.

"நேத்து?"

"கட்டில்ல படுத்திருந்தேனுங்க."

"தோடு யாரோடது?"

"எங்கம்மா போட்டிருந்தது. தங்கச்சி கல்யாணத்துல நாந்தான் குடுத்தேன்." மைத்துனர் பக்கம் திரும்பினார். "பொட்டியில வெச்சுப் பூட்டுங்க மச்சான்னு சொன்னேன். பொம்மை வண்டியில வெச்சாரு."

"பொம்மை இல்லை மச்சான்" என்றார் பாலசுந்தரம்.

சண்முகவேல் சாரதாமணியிடம் கேட்டார். "உனக்குக் கல்யாணம் பேசியிருக்காங்களா?"

"மோகனூர்லீங்க. தை மாசம்." சொல்லும்போது அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "மாமா அவரு பையனுக்குக் கேட்டாருங்க. அப்பா ஒத்துக்கலை."

மணியன் விலங்கை எடுத்தான். "பொன்னாயியைக் கூட்டிட்டுப் போலாமாங்க சார்?"

"இரு. வேகனைக் காகிதம் சுத்தி கோர்ட்டுக்கு அனுப்பணும். பசை வேணும். பொன்னாயி, கொஞ்சம் கஞ்சி காய்ச்சிக் கொண்டா."

அவள் அழுதுகொண்டே காய்ச்சினாள். சண்முகவேல் அடுப்படி வாசலில் நின்று பார்த்தார். அரிசி மாவு, தண்ணீர். அவ்வளவுதான். கரண்டியால் எடுத்துப் பார்த்தார்.

"கட்டி தட்டியிருக்கு. வீரபாகு, நீங்க தறிக்காரர். பதம் தெரியும். நீங்க ஒரு சட்டி காய்ச்சுங்களேன்."

வீரபாகு மறுக்கவில்லை. மாவைக் கரைத்தார். துழாவினார். ஒரு சொட்டை இரு விரலுக்கு நடுவே வைத்து நூல் போல இழுத்துப் பார்த்தார். பிறகு மாடத்திலிருந்த தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துச் சட்டியில் கொஞ்சம் சாய்த்தார்.

"போதும். இறக்குங்க" என்றார் சண்முகவேல்.

வீரபாகுவின் கை புட்டியோடு நின்றது.

எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார் சண்முகவேல்.

"மணியன் எறும்பைப் பார்த்தான், கஞ்சியைப் பார்த்தான். அதோட நிறுத்திட்டான். மரத்துல ஊறியிருந்த எண்ணெயைப் பார்க்கலை. வேட்டிக் கஞ்சியில எண்ணெய் ஊத்தினா துணி கறையாயிடும். பொன்னாயி ஊத்த மாட்டா. காத்தான் எடுத்திருந்தா வச்சிரத்தைக் காய்ச்சியிருப்பான், அவனுக்குப் பழகினது அது. தறியில பாவு நூலுக்குப் போடற கஞ்சியில மட்டும் எண்ணெய் சேரணும். இல்லைன்னா நூல் விறைச்சு அறுந்துடும். நான் பொறந்தது அம்மாப்பேட்டைத் தறித் தெருவுல." மரத்த கன்னத்தைத் தடவினார். "மிச்சக் கஞ்சியை எடுத்தீங்க வீரபாகு. யோசிக்காம எண்ணெய் ஊத்தினீங்க. அதனாலதான் மரத்துல சரியா ஒட்டலை."

வீரபாகு தரையில் உட்கார்ந்தார். இடுப்பு மடியை அவிழ்த்துத் தோட்டை எடுத்து வைத்தார்.

"கை பழகிப் போச்சுங்க" என்றார். "எங்கம்மா காதுல கெடந்தது. பொண்ணையும் குடுக்கலை. தோடு மட்டும் மோகனூர்க்காரன் ஊட்டுக்குப் போகோணுமா?"

"பொன்னாயியைப் புடிக்கப் போனப்ப வாயைத் தொறந்திருக்கலாமே?" என்றார் சண்முகவேல்.

"தொறக்கத்தான் நெனச்சேனுங்க."

"எப்ப?"

வீரபாகு அவிழ்ந்த மடியை முடிந்துகொண்டார். மணியன் அவரை எழுப்பினான். பாலசுந்தரம் தோட்டை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். சந்தோஷப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மைத்துனர் போவதை, ஷெட்டை விட்டு ஒரு வண்டி நகர்வதைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நீ போலாம்மா" என்றார் சண்முகவேல்.

பொன்னாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தாள். கூட்டம் கலைந்திருக்கவில்லை.

"என்ன, உட்டுட்டாங்களா?" என்று ஒருத்தி இழுத்தாள். "போலீசு காலைத் தொட்டுக் கும்புட்டாளாட்ட இருக்குது."

சாரதாமணி உள்ளேயிருந்து வந்து பொன்னாயியின் கையைப் பிடித்தாள்.

"நீங்க எதுக்குச் சாமி? வெயில்ல. துக்க ஊடு."

"உங்க ஊடு வரைக்கும் வாரேன்."

"வேண்டாமுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றாள் சாரதாமணி. தாய் இறந்த நாளிலிருந்து அவள் உரக்கப் பேசியது அதுதான். "எடுத்தது எங்க மாமா. நல்லாப் பாத்துக்கட்டும்."

கூட்டம் வழி விட்டது. இருவரும் ஏற்காடு ரோட்டின் நடுவிலேயே நடந்தார்கள்.