தட்டுக்காரர் போட்ட குறி

“இடிச்சுத்தான் ஆகணும், அதுல ரெண்டாவது பேச்சே—”

“நான் சொல்றத முழுசா கேளேன்க்கா, சின்ன பார்க்குக்கு இனிமே மரந்தான்—”

“மரத்தத் தூக்கி அடுப்புல வை! எனக்கு வேண்டாம்—”

“இரும்பு ரோலர் கோஸ்டர் பக்கத்து ஊர்ல எட்டு ஓடுது. அதோட நம்மால மல்லுக்கட்ட முடியுமா? வழவழன்னு போற வண்டி ஜனங்களுக்குச் சலிச்சுப்போச்சுக்கா. கடகடன்னு குலுக்கி ஈரக்குலையைப் பிடுங்கணும், அதுக்குத்தான் இனிமே கூட்டம் வரும். மர ரோலர் கோஸ்டர் வச்சிருக்கிற சின்ன பார்க்குதான் நாளைக்கு நிக்கும், பாரு.”

“அந்தக் கடகடதான் எனக்கு ஆகலைங்கறேன்!”

மூச்சு வாங்க அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில்தான் அது கேட்டது.

டக். டக்.

ஓர் ஆள் ஓர் அடி எடுத்து வைக்கிற நேரம். பிறகு மறுபடியும், டக். டக்.

காலை ஆறரை மணி. கேட் திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. விடியலில் பெய்து ஓய்ந்த தூறல், வண்டியைக் கிளப்புகிற லீவர் அறையின் கண்ணாடியில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருக்க, நனைந்த மரத்தின் புளித்த வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து அக்காவின் தொண்டையில் வந்து உட்கார்ந்தன. வெளியே, மேகத்தைத் தொட்டுவிடுவது போல எழும்பி, இறங்கி, மரங்களுக்குப் பின்னால் வளைந்து மறைந்து திரும்பி வந்தது அப்பா கட்டிய அந்த மரப்பாதை. மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்ததைத் தம்பி இப்போது புதுப்பித்திருந்தான்.

“ஈரத்துல மரம் முறுக்குது. நீயே சொல்லுவியே,” என்றான் தம்பி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

முறுக்கும்தான். பத்தொன்பது வயதில் அப்பா அவளை இந்த லீவர் முன்னால் உட்கார வைத்தார். மழையில் மரம் ஊதி முனகும், உச்சி வெயிலில் சுள்ளென்று வெடிக்கும், வண்டி போகும்போது மொத்தக் கட்டுமானமும் இரண்டு விரற்கடை ஆடும். ஆடாவிட்டால்தான் பயப்பட வேண்டும். முப்பது வருஷமாக அதன் இருமலையும் தும்மலையும் கேட்டவள் அவள். மரம் ஒருநாளும் இரண்டிரண்டாகத் தட்டாது.

இரண்டிரண்டாகத் தட்டியவர் ஒரே ஒருத்தர். பாதையைப் பார்த்துக்கொண்ட தச்சர். பார்க்கில் எல்லோரும் அவரைத் தட்டுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். தினமும் திறப்பதற்கு முன்னால் முழுப் பாதையையும் நடந்தே சுற்றுவார். ஒவ்வொரு போல்ட்டிலும் சுத்தியலால் இரண்டு தட்டு, பிறகு காதைச் சாய்த்து ஒரு கவனிப்பு. நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். உளுத்த மரம் பொத்தென்று சொல்லும். பொத்தென்று சொன்னதன் மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி விழும். “குறி விழுந்தா மாத்தியே ஆகணும். முதலாளியே கும்பிட்டாலும் அது அங்க இருக்கக்கூடாது” என்பார். சுற்றி முடித்ததும் கீழே நின்று, “இறங்கிட்டேன்ம்மா!” என்று அவரே குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்காமல் லீவரில் கை வைக்கக் கூடாது. அப்பா காலத்து வழக்கம் அது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நேரத்தோடு வந்து வரிசையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி ஜன்னலுக்குள் தலையை நீட்டி, “இறங்கிட்டாருக்கா, விடு” என்றான். அவள் லீவரைத் தள்ளினாள். வண்டி காலியாகத்தான் போனது, முதல் ஓட்டம் என்பதால். தட்டுக்காரர் இன்னும் பாதையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவர் சாவு பற்றிய விசாரணையில் இருவரும் ஒன்றையே சொன்னார்கள். குரல் கொடுத்தார், கேட்டோம், பிறகு சொல்லாமல் திரும்ப ஏறிவிட்டார். குடித்திருந்தார் என்பதைத் தம்பி சேர்த்துக்கொண்டான். டீயைக்கூட அளந்து குடிக்கிற மனிதரை. அக்கா தலையாட்டினாள். அவருடைய மனைவி ஒரு பகல் முழுக்க கேட்டருகே நின்று, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: “உங்க காதால கேட்டீங்களாம்மா?” கேட்டேன் என்றாள் அக்கா. அந்த அம்மாள் அழவில்லை. “அப்போ சரி. இனி அவராச்சு, நீங்களாச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டக். டக்.

“கேக்குதுல்ல உனக்கும்?” என்றாள்.

“எனக்கு என் வயிறு கத்துறதுதான் கேக்குது. இன்னும் டீ குடிக்கல.” சிரித்தான். “எல்லாம் புதுப் பலகை. இன்ஜினியருங்க மெஷின் வச்சு அளந்து கையெழுத்துப் போட்டாச்சு. ஒரே ஒரு சுத்து. நானே போறேன், வீடியோ எடுத்துட்டு வரேன். அத ஊரே பாக்கும்.”

“மண்ணுமூட்டை வச்சு விடுவோம்டா. அதான வழக்கம்.”

“மண்ணுமூட்டை கத்துமா? எனக்குக் கத்துற ஆள் வேணும்.”

திரும்பி மேடையை நோக்கி நடந்தான். அப்போதுதான் பார்த்தாள். அவன் வெள்ளைச் சட்டையின் முதுகில், தோளிலிருந்து இடுப்புவரை, வெண்மையிலும் வெண்மையாக ஒரு பெருக்கல் குறி. தூள் உதிர அழுத்திப் போட்டது.

“டேய், நில்லு. உன் முதுகுல...”

“எங்கயாவது சாய்ஞ்சிருப்பேன். தட்டி விடு.”

தட்டினாள். போகவில்லை. தேய்த்தாள். அவள் உள்ளங்கையில் துளி வெள்ளை இல்லை. கைக்குத் தட்டுப்பட்டது சட்டையாகவும் இல்லை, சதையாகவும் இல்லை. ஈரமாக, சில்லென்று, கெட்டியாக இருந்தது. வருடினால் மரத்தில் போல ரேகை ஓடியது.

கையை இழுத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு வேண்டாம். நான் சொல்றதக் கேளு. ரெண்டு பேரும் இப்பவே அந்தம்மா வீட்டுக்குப் போவோம். நடந்தத அப்படியே சொல்லிடுவோம். போலீஸ்லயும் சொல்லுவோம். வர்றது வரட்டும்.”

தம்பியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் மாறியது.

“என்ன நடந்தது? நான் ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். லீவரத் தள்ளினது யார் கை? அத நல்லா யோசிச்சுட்டு அந்தம்மா வாசப்படிய மிதி.”

முதல் வண்டியின் முதல் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கம்பியை மடிமேல் இறக்கிப் பூட்டிக்கொண்டான். போனை உயர்த்திப் பிடித்தான்.

அக்கா அறைக்குள் போனாள். கூடப் பிறந்தவன் மூன்று வருஷமாக இந்தச் சொல்லை அவளுக்கென்றே கூர்தீட்டி வைத்திருந்திருக்கிறான். குறியை நினைத்தாள். அவன் கண்ணை நினைத்தாள். போகட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரே ஒரு கணம்.

லீவரைத் தள்ளிவிட்டாள்.

சங்கிலி வண்டியைக் கவ்வி மேலே இழுத்தது. கடக், கடக், கடக். ஒவ்வொரு கடக்குக்கும் நடுவில், மிகச் சரியாக நடுவில், டக் டக். வண்டி ஏற ஏற அதுவும் கூடவே ஏறியது. உச்சியில் தம்பியின் கை எறும்பு அளவுக்கு அசைந்தது.

வண்டியோடு பள்ளத்தில் பாய்ந்தான்.

மொத்தப் பாதையும் இடி இடித்தது போல உறுமியது. அறையின் கண்ணாடி அதிர்ந்தது. மரங்களுக்குப் பின்னாலிருந்து அவன் கத்தல் வந்தது. சந்தோஷக் கத்தல். வீடியோவுக்கான கத்தல்.

பிறகு வேறு கத்தல்.

பிறகு அதுவும் இல்லை. பாதிச் சொல்லில் அறுந்தது.

வண்டி வந்தது. பிரேக்கை இழுத்தாள். பிடித்தது. மேடையில், நிற்க வேண்டிய கோட்டில், சாதுவாக நின்றது.

முதல் இருக்கை. கம்பி பூட்டியபடியே இருந்தது. கீழே அவன் செருப்புகள். ஒரு வீட்டு வாசலில் கழற்றி விட்டது போல, ஜோடியாக.

ஆள் இல்லை.

“தம்பீ!”

மேடையின் ஓரத்துக்கு ஓடினாள். பாதை நனைந்து மின்னியது. காற்று இல்லை. ஒரு இலை ஆடவில்லை.

டக். டக்.

பின்வளைவிலிருந்து வந்தது. கணீரென்றது மரம்.

டக். டக். கணீர்.

நெருங்கி வந்தது. கடைசித் திருப்பம். மேடைக்கு இருபதடி.

டக். டக்.

மரம் கணீரென்று சொல்லவில்லை. பொத்தென்றும் சொல்லவில்லை.

“அக்கா” என்றது.

தட்டையாக. நசுங்கி. இரண்டு பலகைகளுக்கு நடுவில் இருந்து.

பார்த்தாள். மஞ்சள் மஞ்சளாகப் புதுப் பலகைகள். நடுவில் ஒன்று மட்டும் வெளுப்பு. இரண்டு முனையிலும் போல்ட் இறக்கி, புது கிரீஸ் தடவி, அச்சாகப் பொருத்தியிருந்தது. அது மெல்ல உப்பியது. இறங்கியது. உப்பியது. போல்ட்டின் ஓரத்தில் கிரீஸோடு சிவப்பாக ஏதோ கசிந்தது.

முதுகு சில்லிட்டது.

தட்டுவது நின்றுவிட்டது. ஈரப் பலகையில் காலடி மட்டும். மேடைப் படி. மேடை. அவளுக்கு எதிரே, ஒரு கை தூரத்தில், ஆள் இல்லாத இடத்தில், சாக்பீஸ் வாசனை.

“தம்பி நல்லாப் பொருந்திட்டாரும்மா. நீங்க கொஞ்சம் திரும்பி நில்லுங்க.”