இலையில் துப்பிய அரிசி

காலை ஆறு பத்து. நாகலாபுரத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டின் நடுவில் இருக்கும் குலதெய்வக் கோயிலில் கொடைத் திருவிழா. மேளம் முழங்கிக்கொண்டிருந்தது.

"எண்ணி வாங்கின எலுமிச்சம்பழத்துல ஒண்ணு குறையுதே" என்று முணுமுணுத்தபடி பூசாரி திருப்பதி, எலுமிச்சை மாலையைக் கட்டி முடித்தார். பிறகு நகைக்காகக் கை நீட்டினார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை நடத்தும் பெருமாள்சாமி, தேக்குப் பெட்டியின் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினார்.

சிவப்புப் பட்டு இருந்தது. அம்மனின் காசுமாலை இல்லை.

"மேளத்தை நிறுத்துங்கடா! ஒருத்தரும் இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது!" என்று அலறினார் பெருமாள்சாமி.

பூட்டு உடைபடவில்லை. சாவி வீட்டு பீரோவில் எங்கே இருக்கிறது என்பது அவரைத் தவிர மூன்று பேருக்குத்தான் தெரியும். மகன் மணிராஜ், அவன் மனைவி முத்துச்செல்வி, ஆலையைக் கவனிக்கும் மருமகன் இசக்கிதுரை.

அந்தக் குடும்பத்தில் களவு போனால் போலீசுக்குப் போவதில்லை. அம்மன் முன் வைத்த பச்சரிசியை ஒரு கை அள்ளி, வாயில் போட்டு மென்று, வாழையிலையில் துப்ப வேண்டும். திருடியவன் வாயில் எச்சில் ஊறாது என்பது நம்பிக்கை. பெருமாள்சாமி அங்கேயே, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால், மூன்று இலைகளை விரிக்கச் சொன்னார்.

இசக்கிதுரையின் அரிசி அரைகுறை ஈரத்தோடு விழுந்தது. மணிராஜின் அரிசி முழுசு முழுசாக, எச்சில் சொட்டச் சொட்ட விழுந்தது. முத்துச்செல்வி மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். துப்பியபோது வெறும் மாவுதான் வந்தது. பாதி காற்றில் பறந்தது.

"களவாணிச் சிறுக்கி!" பெருமாள்சாமி கத்தினார். "வண்டியை எடு. இவளை இவ அப்பன் வீட்டு வாசல்ல இறக்கி விட்டுட்டு வா. திருடின்னு சொல்லிட்டு வா."

முத்துச்செல்வி புருஷனைப் பார்த்தாள். மணிராஜ் தரையைப் பார்த்தான்.

அவள் வேனில் ஏறி உட்கார்ந்த நேரத்தில்தான் மீனாட்சியம்மாளின் கார் வந்து நின்றது. பெருமாள்சாமியின் அக்கா. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எழுபது வயதிலும் கம்பு ஊன்றாதவர். நடந்ததையெல்லாம் பூசாரியிடம் கேட்டார். முகம் சிவந்தது.

"டிரைவர், வண்டி நகரக் கூடாது. ஏலே பெருமாளு, நீயும் ஒரு கை அரிசி மெல்லு."

"நான் எதுக்குக்கா? நானா திருடினேன்?"

"மெல்லுங்கேன்!"

ஊரே பார்த்தது. மெல்லாமல் இருக்க முடியவில்லை. இலையில் துப்பினார். மாவு.

"இப்ப யாருலே களவாணி?"

"அக்கா, நான் கோவத்துல இருக்கேன்..."

"அவ பயத்துல இருந்தா. ரெண்டும் உடம்புக்கு ஒண்ணுதான். மூளை நரம்பு வழியா கட்டளை போடுது. சிறுநீரகத்துக்கு மேல உக்காந்திருக்கிற சுரப்பி அட்ரினலினைக் கொட்டுது. நெஞ்சு அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், வாய் வறண்டு போகும். அந்தச் சுரப்பிக்கு யாரு திருடன், யாரு யோக்கியன்னு தெரியாது. யாரு பயந்திருக்கான்னு மட்டுந்தான் தெரியும். நம்ம வீட்டுக்கு வாழ வந்த பிள்ளையை ஊரு முன்னால நிறுத்தி மெல்லச் சொன்னா எச்சில் எங்கேருந்துடா ஊறும்?"

மீனாட்சியம்மாள் இலைகளிடம் போனார். குனிந்து ஒவ்வொன்றையும் விரலால் கிளறினார். மணிராஜின் இலையில் வெகுநேரம் நின்றார். பிறகு வேனுக்குப் போனார்.

"ஏட்டி முத்துச்செல்வி, ராத்திரியிலேருந்து யாரும் ஏதும் சாப்பிட்டாவளா?"

"இல்லை அத்தை. விரதம்லா. தண்ணிகூடக் குடிக்கல."

"வரும்போது எலுமிச்சம்பழப் பை யாரு மடியில இருந்துச்சு?"

"இவிய மடியிலதான்" என்று புருஷனைக் காட்டினாள்.

மீனாட்சியம்மாள் திரும்பி வந்தார். ஒரு சிட்டிகை அரிசியை மணிராஜின் உள்ளங்கையில் போட்டார்.

"கடி."

"முதல்லயே மென்னுட்டேனே, அத்தை."

"நீ மெல்லலை. கடி."

மணிராஜ் அரிசியைப் பல்லில் வைத்தான். கடித்த மறுகணம் தாடையைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பல்லு கூசுதோ?" மீனாட்சியம்மாளின் குரல் இறங்கியது. அது கத்தலை விட மோசமாக இருந்தது. "எல்லாரும் ஈரத்தைப் பாத்தீங்க. அரிசியைப் பாக்கலை. மத்த இலையில எல்லாம் அரிசி அரைஞ்சு கிடக்கு. இவன் இலையில முழுசா கிடக்கு. வாய் நிறைய எச்சில், ஆனா ஒரு அரிசியைக்கூடக் கடிக்க முடியலை. ஏன்? புளிப்பு நாக்குல பட்டா, பயந்தவன் வாயிலயும் எச்சில் ஊறும். வர்ற வழியெல்லாம் இருட்டுல எலுமிச்சம்பழத்தைச் சப்பிக்கிட்டு வந்திருக்கான்."

"பயத்துல செஞ்சிருப்பான்க்கா" என்றார் பெருமாள்சாமி. குரல் கெஞ்சியது.

"எதுக்குப் பயம்? பெட்டியைத் திறந்தப்புறம் யாரையும் நீ அசைய விடலை. பழம் குறையுதுன்னு பூசாரி சொன்னது பெட்டியைத் திறக்கதுக்கு முன்னால. மாலை இல்லைன்னு யாருக்குமே தெரியாதப்போ, அரிசி மெல்ல வேண்டி வரும்னு இவனுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?"

மணிராஜ் உட்கார்ந்துவிட்டான். செல்போனில் ரம்மி ஆடிப் பணம் தோற்றது, மாலையை மதுரையில் உருக்கியது, எல்லாம் முனகலாக வெளியே வந்தது.

"எலுமிச்சம்பழம் சப்பினா எச்சில் ஊறும்னு வகுப்புல உனக்கு நடத்தினது நான்தாம்லே" என்றார் மீனாட்சியம்மாள். "பொன்னை எடுத்தது ஒரு களவு. கட்டினவ தலையில பழி விழும்போது தரையைப் பாத்துக்கிட்டு நின்னியே, அதுக்கு என்ன பேரு?"

பெருமாள்சாமி அக்காவின் அருகில் வந்தார். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்குவோம்க்கா. இவ்வளவு பேரு நிக்காவ. நம்ம மானம்..."

"மானமா? அதை நீ காலையிலேயே இலையில துப்பிட்டியே! மிச்சம் இருந்தா போலீசைக் கூப்பிடு."

பெருமாள்சாமி செல்போனை எடுத்தார். வாய் வறண்டிருந்தது. இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் மகன் அம்மன் நகையைத் திருடிட்டான். வந்து கூட்டிட்டுப் போங்க."

பிறகு வேன் கதவருகில் வந்து நின்றார். "இறங்கி வாம்மா. பூசை ஆரம்பிக்கணும்."

முத்துச்செல்வி இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே நேராகப் பார்த்தாள்.

"நீங்க அனுப்பும்போது அழுதுக்கிட்டே ஏறினேன் மாமா. இப்ப நானாத்தான் போறேன். டிரைவர் அண்ணாச்சி, நாகலாபுரத்துல எங்கப்பா வீட்டுக்கு விடுங்க."

மீனாட்சியம்மாள் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"நீயும் கிளம்பிட்டா கொடைக்கு யாருக்கா நிப்பா?"

"பொண்ணு கொடுத்தவிய வாசல்ல போய் இந்த வீட்டுச் சார்பா யாராவது மன்னிப்புக் கேக்கணும்லா. நான் அதுக்குப் போறேன். உன் கொடையை நீ பாத்துக்கோ."

வேன் உறுமியது. பெருமாள்சாமி, தலையில் கட்டியிருந்த பரிவட்டத்தை அவிழ்த்துப் பூசாரியின் கையில் கொடுத்தார். முன் கதவைத் திறந்து, டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நாகலாபுரம் வரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.