பச்சை சாக்ஸுக்கு என்ன ஆச்சு?

புதுப் பள்ளிக்கூடத்தில் பொடிசோடு யாரும் பேசுவதில்லை. பேசவே இல்லை என்றும் சொல்ல முடியாது. "தள்ளு", "ரப்பர் இருக்கா?", "இது எங்க இடம்" என்பார்கள். அதோடு சரி.

பொடிசு என்பது வீட்டில் வைத்த பெயர். வயது பத்தாகியும் உயரம் கூடவில்லை என்று அப்பா அப்படிக் கூப்பிடுவார். பழைய ஊரில் அவருக்கு வேலை போய்விட்டது. இந்த ஊரில் ஒரு சலவைக் கடையில் வேலை கிடைத்தது. அப்பா பெரிய இயந்திரங்களில் துணி துவைத்து உலர்த்துவார். அம்மா இஸ்திரி போடுவார். கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் சுற்றினால், இந்தப் பக்கம் தம்ளர் கடகடவென்று ஆடும்.

சலவைக்கு வரும் துணிகளில் சாக்ஸுக்கு மட்டும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஜோடியாக வரும், ஒற்றையாக நிற்கும். அப்படி நின்றுபோனதையெல்லாம் அப்பா ஒரு கூடையில் போட்டு வைப்பார். கேட்டு வந்தால் கொடுக்கலாம் என்று காத்திருப்பார். யாரும் வந்ததில்லை.

ஒரு விடுமுறை நாளில் பொழுது போகாமல் பொடிசு ஒரு பச்சை சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டாள். காகிதத்தில் இரண்டு கண் வெட்டி ஒட்டினாள். விரல்களை மூடித் திறந்ததும் அது வாய் திறந்து பேசியது.

"என் ஜோடியைப் பாத்தீங்களா? என்னை மாதிரியே வெள்ளைக் கோடு போட்டிருக்கும். கொஞ்சம் அழுமூஞ்சி."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார். இந்த ஊருக்கு வந்த பிறகு அம்மா அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"அம்மா, இதை வீடியோ எடுத்துப் போடட்டுமா? நாலு பேர் பாப்பாங்க. எனக்கும் ஃபிரெண்ட்ஸ் கிடைப்பாங்க."

அம்மா யோசித்தார். பிறகு தன் போனிலேயே ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தார். முகம் தெரியக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது, யார் என்ன எழுதினாலும் முதலில் அம்மாதான் படிப்பார். இந்த மூன்றுக்கும் பொடிசு தலையாட்டினாள்.

பச்சை சாக்ஸ் தன் ஜோடியைத் தேடிப் புறப்பட்டது. சோப்பு நுரையில் வழுக்கியது. ஒரு போர்வைக்குள் மாட்டிக்கொண்டு திணறியது. கடைசியாக, இயந்திரத்துக்குப் பின்னால் இருட்டுச் சந்தில் விழுந்தது. "தொடரும்" என்று எழுதி நிறுத்தினாள்.

பார்த்தவர்கள் ஏழு பேர். அதில் பாதி அவளேதான்.

போனை எடுப்பாள், பார்ப்பாள், வைப்பாள். மறுபடி எடுப்பாள். ஏழு ஏழாகவே இருந்தது. பொறுக்க முடியாமல், பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் மென்று விழுங்கிச் சொன்னாள்.

"நான் ஒரு வீடியோ போட்டிருக்கேன். நேரம் இருந்தா பாரேன்."

"எங்க? பக்கத்தோட பேர் சொல்லு" என்றாள் அந்தப் பெண். பொடிசு சொன்னாள்.

மறுநாள் காலையில் போனைப் பார்த்தபோது அவளால் நம்ப முடியவில்லை. முந்நூறைத் தாண்டியிருந்தது! பல்லைத் துலக்கினாளா இல்லையா என்பதுகூட நினைவில்லை. பள்ளிக்கு ஓடினாள்.

வகுப்பு வாசலில் கால் வைத்ததும், ஒரு பையன் தன் சாக்ஸைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"என் ஜோடியைப் பாத்தீங்களா?" என்று கீச்சுக்குரலில் இழுத்தான்.

வகுப்பே சிரித்தது. இன்னொருவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். "ஐயோ, ஊரார் அழுக்கு சாக்ஸுடா அது! கையில மாட்டியிருக்கா!"

பக்கத்து இருக்கைப் பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்தாள். முந்நூறு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பொடிசுக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து அவள் பெயர் 'அழுக்கு சாக்ஸ்' ஆகிவிட்டது.

பட்ட காலிலே படும் என்பார்கள். அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது, கடையில் முதலாளி கத்திக்கொண்டிருந்தார்.

"வாடிக்கையாளர் துணியை வெச்சுக் கூத்து காட்டறீங்களா? ஒருத்தர் போன் பண்ணிக் கேக்கறாரு, 'என் சாக்ஸ் ஏன் வீடியோல பேசுது'ன்னு! நான் என்ன பதில் சொல்றது? இன்னொரு தடவை இப்படி நடந்தா வேற இடம் பாத்துக்கோங்க!"

அப்பா தலை குனிந்து நின்றார். கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

முதலாளி போனதும் அப்பா பொடிசைத் திட்டுவார் என்று பார்த்தால், திட்டவில்லை.

"எல்லாத்தையும் அழிச்சுடும்மா" என்றார் மெதுவாக. அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அழித்தாள். பச்சை சாக்ஸின் கண்களைப் பிய்த்துவிட்டு, அதைத் துவைத்துக் கூடையில் போட்டாள். அடுத்த நாள் பள்ளியில் தலையை மேசையில் கவிழ்த்து வைத்தவள் நிமிரவே இல்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். வயிற்றுவலியா என்று ஆசிரியை கேட்டார். ஆமாம் என்றாள். வேறு எதைச் சொல்வது?

வார இறுதியில் அம்மா போனை நீட்டினார். "உன் பக்கத்துக்கு ஏதோ வந்திருக்கு. நான் படிச்சுட்டேன். நீயும் படி."

காலியான அந்தப் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்திருந்தது.

"நான் பக்கத்து செக்‌ஷன். பச்சை சாக்ஸுக்கு என்ன ஆச்சு? இயந்திரத்துக்குப் பின்னாடி விழுந்தது, அப்புறம் வீடியோவே காணோம். எனக்கு வேற நினைப்பே ஓடல. தயவுசெஞ்சு அதைச் சாகடிச்சுடாதே."

பொடிசு போனைத் திருப்பிக் கொடுத்தாள். "கேலி பண்றாங்கம்மா. பதில் சொன்னா அதையும் வகுப்புல போட்டுக் காட்டுவாங்க."

"இருக்கலாம்" என்றார் அம்மா. அவர் பொய்யாகத் தேற்றுகிற ஆளில்லை.

பொடிசு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அது கேலியாகத்தான் இருக்கும். ஆனால், ஒருவேளை இல்லையென்றால்? எங்கோ ஒருவர் போனை எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லாமல் வைத்து, மறுபடி எடுத்துக்கொண்டிருப்பாரே. அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

எழுந்து அப்பாவிடம் போனாள்.

"அப்பா, உங்க பழைய சாக்ஸ் ஒண்ணு தருவீங்களா? கடை சாக்ஸைத் தொட மாட்டேன். வீடியோல கடையும் தெரியாது. ஒருத்தர் காத்துட்டிருக்காங்க. கதையை மட்டும் முடிச்சுடறேன்."

அப்பா கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு குனிந்து, காலில் இருந்ததையே கழற்றிக் கொடுத்தார். "கட்டைவிரல் கிட்ட ஓட்டை இருக்கும். பாத்துக்கோ."

அந்த ஓட்டையே வாயானது. அப்பாவின் சாக்ஸ் கட்டைக்குரலில் பேசியது: "நான் பச்சையோட பெரியப்பா. அவன் இருட்டுல ரொம்ப அழுதான். ஜோடி கிடைக்கல. பொய் சொல்ல மாட்டேன், கிடைக்கவே இல்ல. ஆனா வெளியில வந்துட்டான். உயிரோட இருக்கான்." சின்ன வீடியோ. அம்மா அதை அந்த ஒருவருக்கு மட்டும் அனுப்பினார்.

பதில் வந்தது: "அப்பாடா! ஜோடி கிடைச்சுடுச்சுன்னு முடிச்சுடுவியோன்னு பயந்தேன். திங்கள்கிழமை இடைவேளைல மாடிப்படி பக்கத்து வகுப்புக்கு வா. நான் கீழே இறங்க மாட்டேன், அங்கயேதான் இருப்பேன்."

திங்கட்கிழமை, பொறியில் கை விடுவதுபோல அந்த வகுப்புக் கதவைத் தள்ளினாள். உள்ளே ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். மேசையில் சாய்ந்து நின்ற ஊன்றுகோல் அவளுடையது. அவளுக்கு ஒரு கால் இல்லை.

"ஏன் இவ்வளவு லேட்டு?" என்று அதட்டினாள் அவள். பொடிசு பக்கத்தில் வருவதற்குள் ஒரு பையை மேசையில் கொட்டினாள். சிவப்பு, மஞ்சள், புள்ளி, கட்டம் என்று எல்லாமே புத்தம் புது சாக்ஸ்.

"எனக்கு என்ன வாங்கித் தரதுன்னு சொந்தக்காரங்களுக்குத் தெரியல. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் சாக்ஸா வாங்கிக் குவிக்கறாங்க. ஒத்தைக் காலுக்கு இத்தனை ஜோடி! யாருக்காவது கணக்கு வருதா பாரு!"

பொடிசுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரி, சிரி. இதெல்லாம் என்னுது. யாரும் கேட்டுச் சண்டைக்கு வர மாட்டாங்க. ஆனா புள்ளி சாக்ஸ்தான் வில்லன். அதுக்கு நான்தான் குரல் கொடுப்பேன்."

"வில்லன் குரல் நான்தான் நல்லாக் குடுப்பேன்!"

"எங்க, குடு பாப்போம்!"

பொடிசு புள்ளி சாக்ஸை மாட்டிக்கொண்டு கர்ஜித்தாள். அந்தப் பெண் அதைவிடப் பலமாகக் கர்ஜித்தாள்.

கதவு படாரென்று திறந்தது. வாசலில் ஆசிரியை.

"என்னது இது, சந்தைக்கடை மாதிரி? ரெண்டு பேரும் வாயை மூடுங்க! எப்பப் பாரு பேச்சு, பேச்சு!"

பொடிசு தலை குனிந்து அந்தத் திட்டை வாங்கிக்கொண்டாள். எப்போதும் பேசுகிறாளாம்! வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.