கட்டிலுக்கு ஒரு சீட்டு

“வெள்ளிக்கிழமை தாத்தாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்” என்றார் நர்ஸம்மா.

நூல்கண்டு ஒரு குதி குதித்தாள்.

“இரு, இரு. நான் இன்னும் முடிக்கல. இடுப்புல தகடு வச்சிருக்கு. தரையில படுக்கக் கூடாது. சாதாரணக் கட்டிலும் ஆகாது. இதோ, இது மாதிரி தலைப்பக்கம் தூக்கற கட்டில் வீட்டுல இருக்கணும். இல்லன்னா மூணு மாசம் பராமரிப்பு இல்லத்துலதான் விடணும்.”

“அது எங்க இருக்கு?” என்று கேட்டார் அப்பா.

“ரெண்டு பஸ் மாறிப் போகணும்.”

எல்லோரும் தாத்தாவைப் பார்த்தார்கள்.

“எனக்கென்ன? எங்க வேணா இருப்பேன்” என்றார் தாத்தா. அப்புறம் முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று திங்கட்கிழமை.

நூல்கண்டுக்குப் பத்து வயது. யாராவது நடந்தால் பின்னாலேயே உருண்டுகொண்டு போவாள் என்று தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் தையல்காரர்கள். அப்பா வெட்டுவார், அம்மா தைப்பார். வீட்டின் முன்னறைதான் கடை.

அப்பா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தார். தாத்தாவைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். தோளை அளந்தார். கை பழக்கத்தில் கழுத்தையும் மணிக்கட்டையும்கூட அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

“ஏண்டா, எனக்கு என்ன கோட்டா தைக்கப்போற?” என்றார் தாத்தா.

“பேசாம படுங்கப்பா. கட்டில் வாங்க அளவு வேணாமா?”

“கட்டிலுக்கு எதுக்குடா மணிக்கட்டு?”

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “எல்லாத்தையும் அளந்தீங்க. முக்கியமானதை விட்டுட்டீங்க. உட்கார்ந்தா ரெண்டு பாதமும் தரையில பதியணும். கட்டில் உசரமா இருந்தா கால் தொங்கும். இறங்கும்போது மறுபடி விழுவார்.”

நூல்கண்டு நாடாவை வாங்கினாள். தாத்தாவின் குதிகாலிலிருந்து முழங்காலின் மடிப்புவரை பிடித்தாள்.

“பதினேழு இன்ச்” என்றாள். நாடாவைச் சுருட்டித் தன் பையிலேயே போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அப்பா கடை கடையாக ஏறி இறங்கினார். இருட்டும் நேரத்தில் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“புதுசு என்ன விலை?” என்றார் அம்மா.

“நம்ம மூணு மாசத்து வாடகை.”

“வாடகைக்கு எடுத்தா?”

“அட்வான்ஸைக் கேட்டாலே தலை சுத்துது. அதோட, பார்த்தது எல்லாம் இருபத்திரண்டு இன்ச். அப்பாவை ஏணி வச்சுத்தான் ஏத்தணும்.”

அம்மா சிரிக்கவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஊசியையே பார்த்தார்.

“வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அந்த இல்லத்துக்குச் சொல்லணுமாம்” என்றார் அப்பா. “சொல்லிடறேன்.”

நூல்கண்டு அன்று சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டுப் படுத்தாள்.

புதன்கிழமை பள்ளி விட்டது. தெருமுனையில் செடிக்கடை. தொட்டிக்கார அக்காவின் கடை. அவருக்கு அம்மாவின் வயது இருக்கும், ஆனாலும் தெருவுக்கே அக்கா. நூல்கண்டு தினமும் அந்த வழியாகத்தான் போவாள். தினமும் ரோஜாவையும் கற்றாழையையும் மிளகாய்ச் செடியையும்தான் பார்ப்பாள். அன்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்ததால் தொட்டிகளுக்கு அடியில் பார்த்தாள்.

அடியில் சக்கரம் இருந்தது.

உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். நான்கு சக்கரம். ஒரு கைப்பிடி. பின்பக்கம் மட்டும் சரிவாக உயர்ந்திருந்தது. சரிவில் மரத்துண்டுகளை முட்டுக்கொடுத்துப் படிப்படியாகத் தொட்டிகளை அடுக்கியிருந்தார் அக்கா.

“அக்கா! இது கட்டில்!”

“அடேயப்பா, கண்டுபிடிச்சுட்டாங்க! ரெண்டு வருஷமா ஒருத்தர் கண்ணுலயும் படல.”

“ஆஸ்பத்திரிக் கட்டில்! தலைப்பக்கம் தூக்கற கட்டில்! விப்பீங்களாக்கா?”

அக்காவின் சிரிப்பு சட்டென்று நின்றது. “செடி வேணும்னா சொல்லு. இது விக்கறதுக்கில்ல.”

நூல்கண்டு நகரவில்லை. “எங்க தாத்தாவுக்குக்கா” என்று ஆரம்பித்து நடந்ததையெல்லாம் சொன்னாள். தாத்தா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னாள்.

அக்கா பூவாளியை எடுத்து ஏற்கெனவே நனைந்திருந்த தொட்டிக்கே மறுபடி தண்ணீர் ஊற்றினார்.

“எங்க அம்மாவோட கட்டில் இது. அவங்க போனப்புறம் உள்ள வச்சுப் பாக்கவும் முடியல, தூக்கிக் குடுக்கவும் மனசு வரல. வெளியில இழுத்துப் போட்டு மேல செடியை வச்சேன். செடி இருந்தா வெறும் கட்டிலாத் தெரியாதுல்ல?”

ஓரத்தில் இன்னொரு பூவாளி இருந்தது. நூல்கண்டு அதை எடுத்து மறுமுனையிலிருந்து தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். இருவரும் நாலைந்து தொட்டி முடித்தார்கள்.

“உங்க அம்மா எப்படி இருப்பாங்க?” என்று கேட்டாள்.

அக்கா திரும்பிப் பார்த்தார். “எப்படின்னா… குள்ளம். உன்னைவிட நாலு விரல்தான் கூட இருப்பாங்க. ஆனா குரல் இருக்கே, பக்கத்துத் தெருவுல பால் காய்ச்சறவங்க அடுப்பை அணைச்சுட்டு வந்து என்னன்னு கேப்பாங்க.”

நூல்கண்டு சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தார்.

“கட்டில் வந்த அன்னிக்கே சண்டை. ‘இது கட்டிலா, மாடியா? நான் ஏற மாட்டேன்’னு ஒரே பிடிவாதம். கால் எட்டல பாவம். அப்புறம் வெல்டிங் பட்டறைக்குத் தள்ளிட்டுப் போய் நாலு காலையும் வெட்டிக் குறைச்சு, மறுபடி சக்கரத்தை வச்சுக் கொண்டுவந்தேன்.”

நூல்கண்டின் பூவாளி அப்படியே நின்றது. பையைத் திறந்து நாடாவை எடுத்துக் கட்டிலின் உயரத்தை அளந்தாள்.

“பதினாலு இன்ச். மேல மெத்தை போட்டா மூணு. பதினேழு!” அவள் குரல் கீச்சிட்டது. “அக்கா, பதினேழு!”

“அளந்துட்டா ஆச்சா? விக்க மாட்டேன்னு சொன்னேன்ல?”

“ஆமா, சொன்னீங்க.” நூல்கண்டு நாடாவை மெல்லச் சுருட்டினாள். பாதி சுருட்டியவள் நிமிர்ந்தாள்.

“விக்க வேணாம்க்கா. எங்க கடையில துணி குடுக்கறாங்கல்ல? நாங்க பத்து நாள் வச்சிருப்போம். வெட்டுவோம், தைப்போம். ஆனா துணி எங்களோடது ஆயிடாது. அவங்களோடதுதான். அது மாதிரி கட்டிலை எங்ககிட்ட குடுத்து வைங்க. தாத்தா நடந்ததும் திருப்பிக் குடுத்துடுவோம்.”

அக்கா அவளையே பார்த்தார். “துணி குடுத்தா சீட்டு குடுப்பாங்க.”

“நானும் தருவேன்.”

நூல்கண்டு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். முழங்காலில் வைத்து, அப்பா எழுதுகிற மாதிரியே கோடு போட்டு எழுதினாள்.

‘பொருள்: கட்டில் ஒன்று, கைப்பிடியுடன். உரியவர்: தொட்டிக்கார அக்காவின் அம்மா. உயரம்: பதினான்கு. திருப்பித் தரும் நாள்: தாத்தா தானாக நடந்த மறுநாள்.’

அக்கா ‘உரியவர்’ என்ற இடத்தில் நின்று இரண்டு முறை படித்தார். மூக்கை உறிஞ்சினார்.

“தையல்காரங்க சொன்ன நாள்ல குடுத்ததா சரித்திரமே இல்லையே” என்றார்.

“எங்க அப்பா குடுப்பார்! ரெண்டு நாள்தான் முன்னப்பின்ன ஆகும்.” நூல்கண்டு தாளைத் திரும்ப வாங்கினாள். “இருங்க, சீட்டுல துணியோட வெட்டுத்துண்டு இருக்கணும். இல்லன்னா செல்லாது.”

“கட்டிலுக்கு ஏது வெட்டுத்துண்டு?”

நூல்கண்டு கட்டிலின் காலை நகத்தால் சுரண்டினாள். பச்சைப் பெயிண்ட் ஒரு செதில் கையோடு வந்தது. அதைப் பசை தடவித் தாளின் மூலையில் ஒட்டினாள். அக்கா சீட்டை மடித்து, காசு வைக்கும் பையில் வைக்காமல், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

“சரி, என் தொட்டிங்க எல்லாம் எங்க போகும்? உங்க தாத்தா மடியிலயா?”

“எங்க வீட்டுப் பின்னால பழைய மெஷின் ஸ்டாண்ட் ரெண்டு கிடக்கு. மேல பலகை போட்டா எல்லாத் தொட்டியும் வச்சுடலாம்.”

“உங்க அப்பாவைக் கேட்டியா?”

“இனிமேதான்” என்று சொல்லிவிட்டு நூல்கண்டு ஓடினாள்.

வியாழக்கிழமை காலையிலேயே அப்பா ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்து சேர்த்தார். தொட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கடைசித் தொட்டியும் இறங்கியது. கட்டிலில் வட்ட வட்டமாக மண் தடம் மட்டும் இருந்தது. அக்கா ஈரத்துணியால் ஒவ்வொரு வட்டமாகத் துடைத்தார். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

“இப்ப வெறும் கட்டிலாயிடுச்சு” என்றார் அக்கா.

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான்க்கா” என்றாள் நூல்கண்டு.

கட்டில் தெருவில் கடகடவென்று உருண்டது. தலைப்பக்கத்தை அப்பாவிடம் தர அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அவர்தான் தள்ளினார்.

“என்ன தையல்காரரே, கடையிலேயே தூங்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?” என்று கேட்டார் சைக்கிள் கடைக்காரர்.

“இப்ப மட்டும் என்ன, நின்னுட்டே தூங்கறார்!” என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார் அம்மா. நாலு நாளில் அவர் அடித்த முதல் கிண்டல் அது.

மாலையில் அப்பா இல்லத்துக்குப் போன் செய்தார். “இடம் வேணாங்க. வீட்டுலயே கிடைச்சுடுச்சு” என்றார். போனை வைத்துவிட்டு நூல்கண்டின் தலையைக் கலைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தாத்தா வந்தார். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தார். நூல்கண்டு தரையில் குப்புறப் படுத்து அவர் பாதங்களைப் பார்த்தாள். இரண்டு குதிகாலும், பத்து விரலும் பதிந்திருந்தன.

“பதிஞ்சிருக்கு!” என்று கத்தினாள்.

தாத்தா கால் விரல்களை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். “நம்ம வீட்டுத் தரைதான்” என்றார். “அதே குளிர்ச்சி.”

கைப்பிடியைச் சுற்றக் கற்றுக்கொடுக்க அக்கா வந்திருந்தார். “சாப்பிட எட்டுச் சுத்து. தூங்க மூணு சுத்து. வேகமாச் சுத்தினா இவர் பந்து மாதிரி எகிறிடுவார், ஜாக்கிரதை.”

“எகிறினா உன் கடையில வந்து விழறேன். ஒரு தொட்டியில நட்டு வச்சுடும்மா” என்றார் தாத்தா.

“நட்டா தண்ணி ஊத்தணுமே. நீங்க டீதானே கேப்பீங்க?”

நூல்கண்டு எண்ணி மூன்று சுற்றுச் சுற்றினாள். தாத்தா சாய்ந்தார். கண்ணை மூடினார். முன்னறையில் அம்மாவின் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் மெஷினை மிஞ்சிக் குறட்டை கேட்டது.

“பாவம், ஆஸ்பத்திரியில தூக்கமே இல்ல” என்று கிசுகிசுத்தார் அக்கா. அப்பா ஓசைப்படாமல் முன்னறைக்குப் போய் அம்மாவுக்குக் கை காட்டினார். மெஷின் நின்றது. வீடே அமைதியானது.

தாத்தா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“ஏம்மா நிறுத்திட்டே?” என்றார் கோபமாக. “மனுஷன் தூங்கிட்டிருக்கேன்ல?”